வில்லியம் ஓல்ட் அடிகளார்: எட்டு மாதங்களின் சாட்சி

மட்டக்களப்பில் படித்த நம் எல்லோருக்கும் வில்லியம் ஓல்ட் என்ற பெயர் பழக்கமானது. புளியந்தீவில், வாவிக்கரையோரம், மட்டக்களப்பு வாயில் என்று நாம் அழைக்கும் இடத்தில் அவருக்குச் சிலை உண்டு. 1814 ஆம் ஆண்டு அவர் வந்து கரையிறங்கிய இடம் அதுவே என்பது ஊர் வழக்கு. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. பேருந்து நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிற வழியில் எத்தனையோ தடவை அந்தச் சிலையைக் கடந்து போயிருக்கிறோம். ஆயினும் அந்த மனிதர் இந்த ஊரில் வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு மாதங்கள் மட்டுமே என்பதை நம்மில் எத்தனை பேர் நின்று யோசித்திருப்போம்?

நமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் அவருடைய வாழ்க்கையை இம்மலரில் எழுத நாம் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அவருக்கு முன்னர், அரசின் முழுப் பலத்தோடும் ஒன்றரை நூற்றாண்டு அளவுக்கு இந்நாட்டில் கிறிஸ்தவம் பரப்பப்பட்டது. அரசு மாறியதும் அதில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. எட்டு மாதங்கள் மட்டும் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வேலையோ இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சிந்திப்பது, கிறிஸ்தவர்களான நமக்கும், நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இந்து, முஸ்லிம் சகோதரிகளுக்கும் பயனுள்ளது என்று நம்புகிறோம்.

அவர் வந்த வழி

ஓல்ட் அடிகளார் மெதடிஸ்த போதகர். அந்த மரபைத் தொடக்கிய ஜோன் வெஸ்லி, ஏற்கனவே குருப்பட்டம் பெற்றவர். அமெரிக்காவிலே ஜோர்ஜியாவுக்கு மிஷனரியாகச் சென்று திரும்பியவர். அத்தனையும் செய்த பின்பே தமக்கு உண்மையான விசுவாசம் இல்லை என்று அவர் உணர்ந்தார். 1738 மே 24 ஆம் திகதி இலண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் அவருடைய உள்ளம் மாற்றம் கண்டது. மூன்று ஆண்டுகளின் பின், 1741 யூலையில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆலயத்திலே அவர் ஒரு பிரசங்கம் செய்தார். கோயிலுக்குத் தவறாமல் போகிறவன், பொய் சொல்லாதவன், தர்மம் செய்கிறவன், இவற்றையெல்லாம் உண்மையான நோக்கத்தோடு செய்கிறவன்கூட, கடவுளிடத்தும் அயலானிடத்தும் அன்பில்லாவிட்டால் பாதிக் கிறிஸ்தவனே என்பது அதன் சாரம். கேட்டிருந்தவர்கள் பேராசிரியர்களும் குருமாரும். அவர்களுக்கு அது உவப்பாக இருந்திருக்காது. ஆனால் வெஸ்லி முதலில் தம்மையே அந்தத் தராசில் வைத்துப் பார்த்தவர்.

1742 இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாக மெதடிஸ்தர் கூடினார்கள். வாரந்தோறும் ஒருவர் மற்றவரின் ஆன்ம நலத்தை விசாரித்தார்கள். வறியவருக்காகவும் சபைத் தேவைக்காகவும் ஆளுக்கு ஒரு பென்னி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடிய பாட்டுக்கும் திங்கட்கிழமை கடையில் பிடித்த தராசுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் இருந்தார் என்பதே அந்த ஏற்பாட்டின் பயன். ஓல்ட் அடிகளார் இப்படியான ஒரு மரபிலிருந்து புறப்பட்டவர்.

கடலிலேயே தொடங்கிய இழப்பு

ஆசியாவுக்கு மெதடிஸ்த மிஷன் ஒன்றை அனுப்ப வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர் டொக்டர் தோமஸ் கோக். பணமில்லை என்று சபை தயங்கியபோது, 6000 பவுண் வரை தம் சொந்தப் பணத்திலிருந்து தருவதாக ஏற்றுக்கொண்டார். லிஞ்ச், ஓல்ட், எர்ஸ்கின், ஹாவர்ட், ஸ்குவான்ஸ், கிளஃப் என்னும் ஆறு இளம் போதகர்கள் இலங்கைக்கென அவரோடு சேர்ந்தார்கள். 1813 ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் இரண்டு கப்பல்களில் அவர்களுடைய பயணம் தொடங்கியது.

ஓல்ட் அடிகளார் தம் மனைவியோடு புறப்பட்டார். 1814 பெப்ரவரியில், பயணம் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகுமுன்னே, அந்த அம்மையார் கப்பலிலேயே இறந்து போனார். அவருக்குக் கடலே கல்லறையாயிற்று. மே 3 ஆம் திகதி காலை, டொக்டர் கோக் தம் அறையிலே இறந்து கிடக்கக் காணப்பட்டார். அப்போது அவருக்கு வயது 66. பணமும் அறிமுகக் கடிதங்களும் அவர் பெயரிலேயே இருந்தபடியால், மே மாதக் கடைசியில் பம்பாயில் இறங்கிய இளைஞர்கள் கையில் வழியில்லாமல் நின்றார்கள். அங்கிருந்த ஒரு வர்த்தகர் அவர்களை நம்பிக் கடன் கொடுத்தார். யூன் 29 ஆம் திகதி காலித் துறைமுகத்தை அடைந்தார்கள்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மனைவியை இழந்தவர், தலைவரை இழந்தவர், கையில் பணமில்லாதவர், திரும்பிப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். காலியில் கூடி அவர்கள் தங்களுக்குள் இடங்களைப் பிரித்துக்கொண்டபோது, லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், எர்ஸ்கின் மாத்தறைக்கும் என்றாயிற்று. கிளஃப் காலியிலேயே தங்கினார். ஓல்ட் அடிகளாருக்குக் கிடைத்தது மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்துக்குப் போனவர்கள் இருவர். இவரோ தனியாக, கடல் வழியே, அறியாத ஒரு வாவிக்கரையை நோக்கி வந்தார்.

தோம்பில் எழுதப்பட்ட விசுவாசம்

அவர் வந்து சேர்ந்த நாடு கிறிஸ்தவம் அறியாத நாடு அன்று. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கமும், பின்னர் ஒல்லாந்தர் காலத்துச் சீர்திருத்தச் சபையும் இங்கே ஏற்கனவே வேரூன்ற முயன்றிருந்தன. இதில் ஒல்லாந்தர் கையாண்ட முறையை நாம் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில் கிராமப் பாடசாலையே வேதம் படிக்கும் இடமாகவும், பிறப்பும் விவாகமும் பதிவு செய்யும் இடமாகவும் இருந்தது. உபாத்தியாயர் வைத்திருந்த தோம்பில் பெயர் இருந்தால்தான் விவாகம் சட்டப்படி செல்லும். பிள்ளைக்கு முதுசம் சேரும். அரசாங்க உத்தியோகம், அது எவ்வளவு சிறியதாயினும், ஞானஸ்நானம் பெற்றவருக்கே உரியது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. கர்த்தருடைய செபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை ஒப்புவித்தால் ஞானஸ்நானத்துக்குத் தகுதி வந்துவிட்டது. குருமார் மிகச் சிலரே. அவர்களிலும் தமிழ் அறிந்தவர்கள் இன்னும் சிலரே. யாழ்ப்பாணத்தில் இருந்த இறுக்கம் மட்டக்களப்புப் பகுதியில் அந்த அளவுக்கு இருக்கவில்லை என்றாலும், முறை ஒன்றுதான்.

இதன் விளைவு யாது? பகலில் தோம்பில் பெயர் பதிந்தவர், இரவில் தம் குலதெய்வத்துக்கு விளக்கேற்றினார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தம் காணியும் பிள்ளைகளின் உரிமையும் பறிபோகாதிருக்க ஒருவர் வாயால் ஒன்றைச் சொன்னால், அந்தப் பொய்யில் பெரும்பங்கு அதைச் சொல்லும்படி நெருக்கியவருக்கே சேரும். ஆங்கிலேயர் 1795 இல் மட்டக்களப்பையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய பின் அந்த நெருக்குதல் தளர்ந்தது. 1806 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிளோடியஸ் புக்கானன் என்னும் குருவானவர், ஒல்லாந்தர் கட்டிய பெரிய ஆலயங்கள் ஆளின்றிக் கிடந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். ஒரு தலைமுறைக்குள் அத்தனை ஆயிரம் பெயர்களும் தோம்பில் மட்டுமே மிஞ்சின.

அதே ஒல்லாந்தர் காலத்தில் மறுபுறம் நடந்ததையும் நாம் மறக்கக்கூடாது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் 1687 இல் பிச்சைக்காரரைப் போல வந்து, மறைந்து திரிந்து, சிதறிக் கிடந்த கத்தோலிக்கரைத் தேடித் தேடிப் பணிசெய்தார். 1711 இல் கண்டியில் இறந்தார். 2015 இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் அறிவோம். அந்தக் கத்தோலிக்கர்களுக்கு அவர்களுடைய விசுவாசத்தால் உத்தியோகமும் இல்லை, சலுகையும் இல்லை, ஆபத்து மட்டுமே இருந்தது. அவர்களுடைய வழிபாடோ நிலைத்தது. நமது ஊரின் பறங்கிய சமூகத்தாரையே பாருங்கள். தச்சு வேலையும் தையலும் செய்து வாழ்ந்த அக்குடும்பங்கள், ஒல்லாந்தர் காலம் முழுவதையும் கடந்து, போர்த்துக்கேய வழிவந்த தங்கள் பேச்சையும் கத்தோலிக்க வழிபாட்டையும் இன்றுவரை கொண்டு வந்திருக்கின்றன. சம்பளம் கொடுத்து வளர்க்கப்பட்டது வாடியது. விலை கொடுத்துக் காக்கப்பட்டது பிழைத்தது.

வாவிக்கரையில் எட்டு மாதங்கள்

இந்தப் பின்னணியில்தான் ஓல்ட் அடிகளார் புளியந்தீவில் வாழத் தொடங்கினார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்தில் ஆராதனை நடத்தினார். ஊர் மக்களுக்காகத் தமிழ் கற்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பாடசாலைகளைத் திறந்தார். அவரிடம் தோம்பு இல்லை. தண்டம் விதிக்கும் அதிகாரம் இல்லை. காணி உறுதியோ உத்தியோகமோ எழுதிக் கொடுக்கும் கை அவருடையது அன்று. அவரிடம் வந்த பிள்ளைக்கு அவர் கொடுக்கக்கூடியது எழுத்தும் வாசிப்பும், தம்முடைய நேரமும் மட்டுமே.

உண்மை எது, வேடம் எது என்று பிரித்தறிவதற்கு இதைவிட நல்ல நிலைமை ஒருவருக்கு வாய்க்காது. அவரைப் புகழ வேண்டிய தேவை ஊராருக்கு இல்லை. வேடம் போட வேண்டிய தேவை அவருக்கும் இல்லை. மனைவியை இழந்து ஆறு மாதங்கூட ஆகாத ஒரு மனிதர், மொழி தெரியாத ஊரில், அந்நியப் பிள்ளைகளோடு மணலில் எழுதப் பழக்கும் ஒரு நாட்டில், தம் காலைப்பொழுதுகளைப் பாடசாலைக்குக் கொடுத்தார். அதுவே அவருடைய பிரசங்கம் என்று நாம் கொள்ளலாம்.

1815 ஏப்ரல் 1 ஆம் திகதி, நோயுற்று, அவர் இறந்தார். வைத்தியத் துறையில் இருக்கும் எங்களைப் போன்றோர் அந்தத் திகதியைப் பார்க்கும்போது வேறு சில திகதிகளும் நினைவுக்கு வருகின்றன. சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைன் பிரித்தெடுக்கப்பட்டது 1820 இல்; மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரொஸ் காட்டியது 1897 இல். அக்காலத்தில் வெப்ப நாடுகளுக்கு வந்த ஐரோப்பியருக்கு முதல் ஆண்டே பெரும் கண்டம். இதை அறிந்தே வந்தார்கள். அவர் இறந்தபோது கட்டி முடித்த பெரிய ஆலயமோ, எண்ணிக் காட்டத்தக்க மதம் மாறியோர் கூட்டமோ அவர் பெயரில் இருக்கவில்லை. ஆனால் பாடசாலை என்னும் எண்ணம் ஊரில் விழுந்துவிட்டது. பின்வந்தவர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை தன் தொடக்கத்தை 1820 என்று கணக்கிடுகிறது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், அவர் மறைந்து ஐந்தே ஆண்டுகளில், இந்த ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை! மட்டக்களப்பில் படித்து வைத்தியராகவும் ஆசிரியையாகவும் தாதியாகவும் ஆன நாம் எல்லோரும் அந்த நிழலில் வந்தவர்களே.

பாடசாலைகளுக்கும் வந்த சோதனை

ஓல்ட் அடிகளாரைப் போற்றும்போது, அவருக்குப் பின் வந்த காலத்தைப் பூசி மெழுகுவது அவருக்கே மரியாதையன்று. ஒல்லாந்தரின் தோம்பு போன பின், ஆங்கிலக் கல்வி அந்த இடத்துக்கு வந்தது. ஆங்கிலம் படித்தவனுக்குக் கச்சேரியில் உத்தியோகம். மிஷன் பாடசாலையில் ஆசிரிய வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஞானஸ்நானம் பெற்று, பிறகு அமைதியாகத் திரும்பிப் போனவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. பழைய நோய் புதிய சட்டை போட்டு வந்தது.

அதைத் துணிந்து சுட்டிக்காட்டியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் பாடசாலையில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உதவியவர் அவர். மதம் மாறியிருந்தால் அவருக்கு எல்லா வாயில்களும் திறந்திருக்கும். அவரோ சைவராகவே இருந்து, 1848 இல் அந்த வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நம் பகுதியில் காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகளாரும் கிறிஸ்தவப் பாடசாலைகளில் கற்றவரே. கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியும் அவருக்கு அறிவு கொடுத்தன. அவர் தம் உள்ளத்துக்கு உண்மையாக இருந்து 1924 இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். 1929 இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். இவர்களை மிஷன் பாடசாலைகளின் தோல்வி என்று எண்ணுவது தவறு. உத்தியோகத்துக்காகக் கோயிலில் முழங்காற்படியிட்ட ஒருவரைவிட, தாம் நம்பியதை மறைக்காத இவர்களே ஓல்ட் அடிகளாரின் நேர்மைக்குக் கிட்டியவர்கள் என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

நம்முடைய நாட்களில்

தமிழ் வேதாகமத்தில் மாயக்காரர் என்று வரும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், மேடையில் நடிப்பவரைக் குறிப்பது. பார்க்க ஆளிருக்கும்போது செய்வதும், இல்லாதபோது விடுவதும் நடிப்பு. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு பிரான் தர்மம், செபம், உபவாசம் மூன்றையும் எடுத்து, மூன்றையும் பிறர் கண்ணுக்கு மறைவாகச் செய்யச் சொன்னதன் பொருள் இதுவே.

இன்று நமக்குத் தோம்பும் இல்லை, தண்டமும் இல்லை. ஆனால் பார்வையாளர் எப்போதையும்விட அதிகம். வைத்தியசாலைகளில் வேலைசெய்யும் நாங்கள் அடிக்கடி காணும் ஒன்றைச் சொல்கிறோம். வயதான தாய் மூன்று வாரம் விடுதிக் கட்டிலில் கிடப்பார். வந்து பார்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது. அவர் கண்மூடியதும் பூ அலங்காரமும், பாடகர் குழுவும், ஒளிப்படக்காரரும், நீண்ட நன்றியுரையும் நடக்கும். அதே விடுதியில், சிற்றூழியர் ஒருவர் தம் வேலை நேரம் முடிந்த பின்னும் நின்று, யாருமற்ற ஒரு பாட்டியின் சடைபிடித்த தலையை எண்ணெய் வைத்து வாரிவிடுவார். எந்தச் சமயத்தவர் என்று அவரிடம் நாம் கேட்டதில்லை. இந்த இரண்டில் எது ஆராதனை என்று கேட்டால், நாம் எல்லோரும் சரியான விடையையே சொல்வோம். சொல்வது எளிது, மாதம் ஒருமுறையாவது அந்தக் கட்டிலருகே போய் இருப்பதே கடினம்.

பாடசாலையில் ஒவ்வொரு நாட்காலையும் மண்டபத்தில் வரிசையாக நின்று செபம் சொன்னோம். வேதபாடத்தில் வசனங்களை மனனம் செய்து புள்ளியும் வாங்கினோம். ஒல்லாந்தர் காலத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் ஒப்புவித்தார்கள். மனனம் செய்ததில் தவறொன்றும் இல்லை. வாயில் ஏறியது கைக்கு இறங்குமா என்பதை வாழ்நாள் முழுவதுமே காட்ட வேண்டும். வீட்டில் வேலைக்கு நிற்கும் பிள்ளையோடு பேசும் தொனியில், வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் முறையில், சீதனம் என்ற சொல் வரும்போது மகனின் தாயாக நாம் எடுக்கும் நிலைப்பாட்டில் அது தெரியும்.

நூற்றாண்டு விழாவுக்கு நன்றி ஆராதனை நடக்கும்; நினைவுக்கல் வைக்கப்படும்; உலகெங்கும் இருந்து நம்மவர் வருவார்கள். வரட்டும்; கூடி மகிழ்வது நமக்குத் தேவை. போரும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளும் நம் ஊர்களிலிருந்து எடுத்துச் சென்றவை ஏராளம். அந்த இழப்புகளின் நிழலில் வளரும் பிள்ளைகள் இன்றும் நம் பாடசாலையில் படிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பயணச் செலவையோ, மேலதிக வகுப்புக் கட்டணத்தையோ, மூக்குக்கண்ணாடியையோ, கல்லில் பெயர் பொறிக்காமலும் படம் எடுக்காமலும் நம்மில் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டால் சங்கத்தின் இரண்டாவது நூறாண்டு நல்லபடி தொடங்கும். அதிபரிடம் கேட்டால் தேவை தெரியும். கொடுத்தவர் பெயர் அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

எட்டு மாதங்களில் ஓல்ட் அடிகளார் கற்பித்த பிள்ளைகளின் பெயர்கள் நம்மிடம் இல்லை. அவர்களும் பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருப்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் இன்று நிற்பவர்கள் நாம்.